பழைய பெட்டியிலிருந்து கிறிஸ்துமஸ் அலங்காரம்: எதை மாட்டலாம், எதை வெட்டலாம், எதைத் தொடக் கூடாது

பழைய பொருள்களை வைத்துச் செய்யும் கிறிஸ்துமஸ் அலங்காரம் பெரும்பாலும் இரண்டு காரணங்களால் கெடுகிறது. கையில் கிடைத்ததை எல்லாம் மாட்டிவிட்டால் வீடு பழைய சாமான் கடை போல் ஆகிவிடும். இருப்பதை எல்லாம் புத்தம் புதிதாகத் தேய்த்துத் துலக்கினாலோ, எந்த அழகுக்காக அதை எடுத்தோமோ அந்த அழகே தண்ணீரோடு போய்விடும். இரண்டையும் தவிர்க்க, அலங்கரிப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே பெட்டியை இறக்கித் தரம் பிரிக்கத் தொடங்குங்கள்.

தரம் பிரித்தல்

தரையில் பழைய போர்வை ஒன்றை விரித்து மூன்று குவியலாகப் போடுங்கள். அப்படியே வைக்க வேண்டியவை, வெட்டியும் ஒட்டியும் மாற்றக்கூடியவை, அலங்காரத்தில் சேரவே கூடாதவை. மூன்றாவது குவியலை முதலில் முடித்துவிடுங்கள். அதில்தான் ஆபத்து இருக்கிறது.

பழைய ஜிகினா இழைகள் கிடைத்தால் ஒன்றைக் கையில் தூக்கிப் பாருங்கள். இன்றைய பிளாஸ்டிக் இழை காற்றில் பறக்கும், உரசினால் கையில் ஒட்டிக்கொள்ளும். சாம்பல் நிறத்தில், கனமாக, நேராகத் தொங்கி, மடித்தால் மடித்தபடியே நிற்கிறதா? அது ஈய இழையாக இருக்கலாம். மரத்தில் அழகாகத் தொங்கும் என்பதற்காகவே ஒரு காலத்தில் ஈயத்தில் செய்தார்கள். குழந்தைகள் வாயில் வைத்தால் நஞ்சு என்பதால் 1972 முதல் அமெரிக்காவில் அதைக் கைவிட்டார்கள். உறையில் போட்டு மூடி, அபாயக் கழிவாக ஒப்படையுங்கள்.

1930, 40-களின் பெட்டிகளில் வெள்ளைப் பஞ்சு போன்ற "செயற்கைப் பனி" இருந்தால் அதை உதறாதீர்கள், ஊதாதீர்கள். அந்தக் காலத்தில் பனித்தூளாகக் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) விற்கப்பட்டிருக்கிறது. பெட்டியோடு மூடி விலக்கிவிடுங்கள்.

துணி சுற்றிய வயர் உள்ள பழைய சீரியல் லைட்டுகள் எரிந்தாலும் வேண்டாம். உள்ளே இருக்கும் ரப்பர் உறை காய்ந்து நொறுங்கியிருக்கும், அது வெளியே தெரியாது. பிளக்கை வெட்டிவிட்டால் யாரும் மறந்துபோய் சொருக மாட்டார்கள். பல்புகளைக் கழற்றிக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு வையுங்கள், எரியாமலே அழகுதான். 1946-இல் அமெரிக்காவில் பரவத் தொடங்கிய குமிழி விளக்குகள் கிடைத்தால் மட்டும் அவற்றைக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். குழாய்க்குள் குமிழியிடும் திரவம் மெத்திலீன் குளோரைடு, உடைந்தால் அதன் ஆவியை முகரக் கூடாது.

பழைய கைக்கடிகாரங்களைப் பிரித்துச் சக்கரங்களை மாலையாகக் கோர்ப்பது பலருக்கும் பிடிக்கும். ஆனால் இருட்டில் ஒளிரும் எண்கள் கொண்ட, 1970-களுக்கு முந்தைய கடிகாரத்தைத் திறக்காதீர்கள். அந்த ஒளிர்பூச்சில் ரேடியம் இருக்கக்கூடும், பூச்சின் வெளிச்சம் அணைந்துபோன பிறகும் கதிர்வீச்சு அணையாது. உரியும் பழைய பெயின்ட் பூசிய பொம்மை, ஜன்னல் சட்டம், மரப்பலகை எதையும் உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். ஈயம் கலந்த பெயின்டாக இருக்கலாம். குழந்தை கைக்கு எட்டும் இடமென்றால் அது வேண்டவே வேண்டாம். ஃபியூஸ் போன குண்டு பல்பை அலங்கார உருண்டையாக மாற்றலாம், சி.எஃப்.எல். சுருள் விளக்கை மாற்றக் கூடாது. அதற்குள் பாதரசம் இருக்கிறது.

இதெல்லாம் போனபின் மிஞ்சியவற்றில் ஒரு நிற முடிவு எடுங்கள். இரண்டு நிறம், ஒரு உலோகம், அவ்வளவுதான். உதாரணமாகக் கரும்பச்சை, பால்வெள்ளை, பித்தளை. இந்த மூன்றுக்குள் வராத பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அடுத்த வருடத்துக்கு ஒதுக்குங்கள். வெவ்வேறு காலத்துப் பொருள்களுக்குள் உறவு ஏற்படுத்துவது நிறம் ஒன்றுதான். வடிவமும் அளவும் எப்படியும் ஒத்துவராது.

பழைய கண்ணாடி உருண்டைகள்

இவை முதல் குவியலைச் சேர்ந்தவை. எதையும் மாற்றாதீர்கள். ஜெர்மனியின் லவுஷா ஊரில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாயால் ஊதிச் செய்யத் தொடங்கிய இந்த உருண்டைகளுக்கு, உட்புறம்தான் ரசம் பூசுவார்கள். வெளிப்புற வண்ணம் சூளையில் சுடாத வெறும் பூச்சு. அதனால்தான் தண்ணீர் பட்டதும் வண்ணம் கரைகிறது, கழுத்து வழியாக ஈரம் இறங்கினால் ரசம் உரிந்து கரும்புள்ளி விழுகிறது. சோப்பு, அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவம் இரண்டும் கூடாது. மென்மையான ரோமம் கொண்ட பெயின்ட் பிரஷ்ஷால், உலர்ந்தபடியே, மேலிருந்து கீழாகத் தூசு தட்டுங்கள். பிடிவாதமான அழுக்கு இருந்தால் பஞ்சுக்குச்சியைத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து, கண்ணில் படாத ஒரு மூலையில் தொட்டுப் பாருங்கள். குச்சியில் நிறம் ஏறினால் அந்த அழுக்கு அங்கேயே இருக்கட்டும்.

உருண்டையின் கழுத்தில் இருக்கும் மூடியைப் பார்த்தால் வயதைக் கொஞ்சம் ஊகிக்கலாம். அமெரிக்காவில் கார்னிங் கண்ணாடி ஆலை, பல்பு ஊதும் இயந்திரத்தில் 1939-இல் உருண்டைகளைச் செய்யத் தொடங்கியது. சில வருடங்களில் போரால் உலோகம் கிடைக்காமல் போகவே அட்டை மூடி வந்தது, ரசமும் போய்ப் பளிங்குக் கண்ணாடியில் மெல்லிய வண்ணக் கோடுகள் மட்டும் நின்றன. அட்டை மூடியோடு கோடு போட்ட உருண்டை கிடைத்தால் மூடியை மாற்றிவிடாதீர்கள். அந்த மூடிதான் அதன் பிறப்புச் சான்றிதழ்.

உருண்டை உடைவது அநேகமாகத் தொங்கும்போதுதான். மூடிக்குள் இருக்கும் கம்பி தளர்ந்து, உருண்டை மட்டும் நழுவி விழும். மூடியை மெதுவாகக் கழற்றி, கம்பியின் இரு கால்களையும் கொஞ்சம் அகட்டி, அழுத்தியபடி திரும்ப நுழையுங்கள். உள்ளே போனதும் அது விரிந்து பிடித்துக்கொள்ளும். கழுத்து விளிம்பு சிதறியிருந்தால் தொங்கவிடவே வேண்டாம். அந்த மாதிரி ஐந்தாறு உருண்டைகளைச் சிதறிய பக்கம் கீழே இருக்கும்படி ஒரு பித்தளைத் தட்டிலோ கண்ணாடிக் கிண்ணத்திலோ அடுக்குங்கள். பின்னால் ரசம் போன பழைய நிலைக்கண்ணாடி ஒன்றைச் சாய்த்து வைத்தால் ஐந்து உருண்டை பத்தாகத் தெரியும்.

பித்தளை மணி, பித்தளைத் தட்டு போன்றவற்றில் பச்சைக் களிம்பை மட்டும் எலுமிச்சைச் சாறும் உப்பும் போட்டுத் துடைத்து, உடனே கழுவி உலர்த்துங்கள். பழுப்பேறிய மங்கலை விட்டுவிடுங்கள். மின்னும் சீரியல் விளக்குக்குப் பக்கத்தில் மங்கிய உலோகம்தான் எடுபடும். வெள்ளி முலாம் தேய்ந்து செம்பு தெரிகிற பாத்திரத்தை அலுமினியத் தாளும் சோடாவும் போட்ட வெந்நீரில் ஊறவைக்கும் வேலையும் வேண்டாம், மிச்ச முலாமும் பொலிவிழக்கும்.

குச்சி மரம்

இடம் குறைந்த வீட்டுக்கும், சிறு குழந்தையோ பூனையோ உள்ள வீட்டுக்கும் சுவரில் தொங்கும் குச்சி மரம் பொருத்தம். காய்ந்து விழுந்த கிளை, உடைந்த நாற்காலிக் கால், பழைய விளக்குமாற்றுக் கட்டை என எது வேண்டுமானாலும் ஆகும். விரலளவு முதல் கட்டைவிரல் இரட்டிப்பு அளவு வரை பருமன் போதும்.

ஏழு குச்சிகள் வேண்டும்: 80, 70, 60, 50, 40, 30, 20 செ.மீ. நீளம். கிளைகளாக இருந்தால் வெட்டியபின் இரண்டு வாரம் வெயிலிலோ காற்றோட்டமான இடத்திலோ காயவிடுங்கள். ஈரக்கிளையைக் கட்டினால் மாட்டிய பத்தாம் நாள் முறுக்கிக்கொள்ளும், பட்டைக்குள் இருக்கும் வண்டு சோபாவில் உதிரும். சிறு துளைகளும் மாவு போன்ற தூளும் தெரிந்தால் அந்தக் கிளையைத் தூக்கிப் போடுங்கள்.

ஒவ்வொரு குச்சியிலும் இரு முனையிலிருந்தும் 2.5 செ.மீ. உள்ளே தள்ளி, 4 மி.மீ. பிட்டால் நேர்செங்குத்தாகத் துளையிடுங்கள். குச்சியைத் திருப்பிப் பார்த்து, இயல்பாக எந்தப் பக்கம் கீழே உட்காருகிறது என்று கண்டுபிடித்த பிறகு துளையிடுவது முக்கியம். இல்லாவிட்டால் வளைந்த கிளை கட்டியபின் சுழன்று முன்னால் துருத்தும்.

3 மி.மீ. சணல் கயிறு 3 மீட்டர் எடுத்துப் பாதியாக மடித்து, மடிப்பில் ஆணியில் மாட்ட ஒரு சிறு வளையம் போடுங்கள். வளையத்திலிருந்து 19.5 செ.மீ. அளந்து, இரண்டு கயிற்றையும் 20 செ.மீ. குச்சியின் துளைகளில் நுழைத்து, குச்சிக்கு அடியில் சாதா முடிச்சுப் போடுங்கள். அடுத்தது 30 செ.மீ. குச்சி. அங்கிருந்து 13 செ.மீ. அளந்து நுழைத்து முடிச்சு. இப்படியே 13, 13 என்று கடைசிக் குச்சி வரை.

ஏன் 13? ஒவ்வொரு குச்சியும் முந்தையதைவிட 10 செ.மீ. நீளம், அதாவது பக்கத்துக்கு 5 செ.மீ. வெளியே போகிறது. குச்சிகளுக்கிடையே 12 செ.மீ. இடைவெளி வேண்டுமென்றால் சாய்வாக ஓடும் கயிற்றின் நீளம் 13. பள்ளிக்கூடத்தில் படித்த 5–12–13 முக்கோணம்தான். உச்சியின் 19.5-உம் அதே சாய்வைப் பிடித்துக்கொண்டு போவது. மொத்த உயரம் 90 செ.மீ. வரும். இருமடங்கு பெரிய மரம் வேண்டுமா, எல்லா அளவையும் இரண்டால் பெருக்குங்கள், கயிற்றை மட்டும் 5 மி.மீ. ஆக்கி, துளையையும் 6 மி.மீ. ஆக்குங்கள்.

முடிச்சை உடனே இறுக்காதீர்கள். ஏழும் கட்டியபின் ஆணியில் மாட்டி, நான்கடி தள்ளி நின்று பார்த்து, சாய்ந்த குச்சியின் முடிச்சை மட்டும் நகர்த்துங்கள். எல்லாம் நேரானதும் கீழிருந்து மேலாக இறுக்கி, முடிச்சில் ஒரு சொட்டு வெள்ளைப் பசை. முடிச்சு துளைக்குள் நழுவினால் அடியில் ஒரு பழைய சட்டைப் பட்டனைக் கோர்த்துவிட்டு முடியுங்கள்.

மாட்டும்போது கனமான உருண்டை கீழ் இரண்டு குச்சிக்கு, லேசானது மேலே. ஒரு பக்கம் மட்டும் கனத்தால் மரம் முழுக்கக் கோணும், ஆகவே இடது வலது சரிபார்த்துக்கொண்டே மாட்டுங்கள். ஒற்றைக் காதணி, அறுந்த பாசிமணி, பூட்டு தொலைந்த சாவி, சரவிளக்கிலிருந்து உதிர்ந்த பளிங்கு ஆகியவை இதற்கென்றே காத்திருந்தவை போலப் பொருந்தும்.

கந்தல் வளையம்

கம்பி ஹேங்கர் ஒன்றை வட்டமாக வளைத்தால் ஏறக்குறைய 28 செ.மீ. விட்டம் வரும். கொக்கியை அப்படியே விட்டால் மாட்டுவதற்கு அதுவே போதும். பழைய பருத்திச் சட்டை இரண்டு எடுத்து, 2.5 செ.மீ. அகலம், 15 செ.மீ. நீளத்தில் சுமார் 150 துண்டுகள் கிழியுங்கள். கத்தரியால் வெட்டாமல் ஓரத்தில் சிறு வெட்டுக் கொடுத்துக் கிழித்தால் நூல் பிசிறும், அதுதான் வளையத்துக்குப் பஞ்சு போன்ற தோற்றம் தரும். ஒவ்வொரு துண்டையும் கம்பியில் ஒரே முடிச்சாகக் கட்டி, பத்துப் பதினைந்து ஆனதும் விரலால் நெருக்கித் தள்ளுங்கள். கம்பி தெரிகிற வளையம் பாதிக் கூலியில் நின்ற வேலை போல் இருக்கும். ஜரிகை ஓரத்துணி பத்துத் துண்டு நடுநடுவே வந்தால் விளக்கொளியில் மின்னும். நைலான், பாலியெஸ்டர் துணி கிழியாது, முடிச்சும் வழுக்கும்.

தாள் வேலை

கிழிந்த இசைக்குறிப்புத் தாள், பழைய வரைபடம், பக்கம் உதிர்ந்த அகராதி எல்லாம் ஆகும். வெட்டுவதற்கு முன் ஒரு சோதனை. தாளின் மூலையை முன்னும் பின்னுமாக மடியுங்கள். நாலைந்து மடிப்புக்குள் ஒடிந்து வந்தால் அந்தத் தாள் மடிப்பு வேலைக்கு ஆகாது, அட்டையில் ஒட்டி நட்சத்திரமாக வெட்ட மட்டும் பயன்படும். மரக்கூழில் இருக்கும் அமிலமே தாளை இப்படி அரித்துப் பழுப்பாக்குகிறது. கையால் எழுதிய கடிதம், குடும்பப் படம் எதையும் வெட்டாதீர்கள். நகல் எடுத்து நகலை வெட்டுங்கள், தூரத்திலிருந்து யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

மடிப்புச் சக்கரத்துக்கு 5 செ.மீ. அகலம், 60 செ.மீ. நீளம் வரும்படி தாள்களை ஒட்டிச் சேருங்கள். 1 செ.மீ.க்கு ஒரு மடிப்பாக விசிறி போல் மடித்து, இரு முனையையும் ஒட்டி வளையமாக்கி, மேல் விளிம்பை நடுவை நோக்கிச் சாய்த்துத் தட்டையாக அழுத்துங்கள். நடுவில் 3 செ.மீ. வட்ட அட்டையை க்ளூ கன்னால் ஒட்டி, ஒரு நிமிடம் விரலை எடுக்காமல் பிடியுங்கள். பலருக்கும் இது விருட்டென்று எழும்பிக்கொள்வது இங்கேதான்: வெள்ளைப் பசை காயும்வரை தாள் காத்திருக்காது. நீளம் அகலத்தைப் போல் ஆறு மடங்குக்கும் குறைந்தால் வட்டம் தட்டையாகவே ஆகாது, கிழியும். பத்துப் பன்னிரண்டு மடங்கு பாதுகாப்பு. பெரிதும் சிறிதுமாக ஏழு சக்கரங்களை ஜன்னல் மேல் கொத்தாக மாட்டினால் போதும்.

ரசம் போன கண்ணாடி ஜாடி

ஊறுகாய், ஜாம் ஜாடிகளின் லேபிளை வெந்நீரில் ஊறவைத்து உரியுங்கள். மிஞ்சும் பிசினுக்குச் சமையல் எண்ணெயும் சமையல் சோடாவும் சம அளவு குழைத்துப் பூசி அரைமணி நேரம் கழித்துத் தேய்த்தால் வந்துவிடும். பிறகு சோப்பால் கழுவி நன்றாக உலர்த்துங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பெயின்ட் பிடிக்காது.

நிலைக்கண்ணாடிப் பளபளப்புத் தரும் ஸ்பிரே பெயின்டை ஜாடியின் உட்புறம் மெல்லிய படலமாக அடியுங்கள். வெளிப்புறம் அடித்தால் பளபளப்பு வராது, சாம்பல் பூச்சாகத்தான் தெரியும். உடனே வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, மூடுபனி போல் உள்ளே தூவி, ஓரிரு நிமிடம் கழித்துத் தாளால் ஒற்றி எடுங்கள். ஒற்றிய இடங்களில் பெயின்ட் விட்டுப் புள்ளிகள் விழும். காய்ந்ததும் மீண்டும், மொத்தம் மூன்று நான்கு முறை. ஒரே தடவையில் கனமாக அடித்தால் வழிந்து கோடாகும். வேலை திறந்த வெளியில் நடக்கட்டும். இந்த ஜாடிக்குள் மெழுகுவர்த்தி வைக்கக் கூடாது, பூச்சு சூடேறிப் புகையும். எல்இடி சரம் மட்டும்தான்.

ஜோடி இழந்த தேநீர்க் கோப்பை

சாசர் உடைந்து தனியாக நிற்கும் பீங்கான் கோப்பையில் மெழுகு ஊற்றலாம். முதலில் விரலால் சுண்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்லது, டொக்கென்றால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது, அது சூட்டில் பிளக்கும். 200 மி.லி. கோப்பையில் 160 மி.லி. வரை நிரப்ப சுமார் 145 கிராம் மெழுகு வேண்டும். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள், நேரடித் தீயில் மெழுகு பற்றிக்கொள்ளும். கோப்பையை வெந்நீரில் சூடாக்கித் துடைத்து, திரியை அடியில் ஒட்டி, மேல் முனையை இரண்டு குச்சிகளுக்கு நடுவே இறுக்கி, மெழுகு 60 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஆறியதும் ஊற்றுங்கள். ஆறும்போது திரியைச் சுற்றிக் குழி விழும். அதற்கென்று இரண்டு கரண்டி மெழுகை முன்பே ஒதுக்கி வைத்திருந்து நிரப்புங்கள். எரிக்கும்போது தாள், துணி, கிளை எதுவும் 30 செ.மீ.க்குள் இருக்கக் கூடாது. அடியில் 1 செ.மீ. மெழுகு மிஞ்சும்போதே அணைத்துவிடுங்கள்.

வெளிச்சம்

பழைய பொருளைக் கெடுப்பதில் நீல வெள்ளை எல்இடிக்கு இணையே இல்லை. பெட்டியில் 2700 கெல்வின் என்றோ "வார்ம் வைட்" என்றோ போட்டதை வாங்குங்கள், குண்டு பல்பின் மஞ்சள் அதுதான். சரத்தின் வயர் நிறமும் முக்கியம்: குச்சி மரத்துக்குப் பழுப்பு அல்லது செம்புக் கம்பி, பச்சை மரத்துக்குப் பச்சை. ஒரு லிட்டர் ஜாடிக்கு 20 பல்பு சரம் ஒன்று போதும். மின்னி மின்னி அணையும் அமைப்பை நிறுத்திவிடுங்கள், பழைய கண்ணாடிக்கு அசையாத ஒளிதான் பொருத்தம்.

1950-களில் சந்தைக்கு வந்த வெள்ளி நிற அலுமினிய மரங்களில் ஒன்று உங்களிடம் இருந்தால் அதன்மேல் மின்விளக்குச் சரம் எதையும் சுற்றாதீர்கள். உலோக இலையில் மின்சாரம் பாயக்கூடும். அந்தக் காலத்தில் தரையில் சுழலும் வண்ண விளக்கை வைத்து எட்ட நின்றே ஒளியடித்தது அதனால்தான்.

எடுத்து வைத்தல்

இறக்கும் நாளில் செய்யும் அவசரம் அடுத்த வருடம் தெரியும். கொக்கிகளைக் கழற்றித் தனி டப்பாவில் போடுங்கள், இல்லாவிட்டால் ஒன்றின் கொக்கி மற்றதன் வண்ணத்தைக் கீறும். செய்தித்தாளில் சுற்றாதீர்கள், மையும் அமிலமும் ஒட்டும். அமிலமில்லா வெள்ளை டிஷ்யூ தாளில் தனித்தனியாகச் சுற்றி, அதன் பிறகு முட்டை அட்டையில் வைக்கலாம். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் உள்ளே வியர்த்து ரசம் உரியும். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்று, எல்இடி சரத்திலிருந்து கழற்றிய பேட்டரி வெளியே. கூரைக்கு அடியில் வெயில் தகிக்கும் பரண் வேண்டாம், அலமாரியின் நடுத்தட்டு நல்லது. பெட்டியின் மேல் என்ன இருக்கிறது என்பதோடு, எந்த உருண்டையின் கழுத்து சிதறியிருக்கிறது என்பதையும் எழுதி ஒட்டுங்கள்.